குறி பார்த்துச் சொல்லலாமா?



சென்ற ஆண்டு ஒரு மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். மின்கலங்களைப் பற்றிப் பேசினேன். கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையில் இரண்டு புத்தகங்களோடு வந்து நின்றாள். ஒன்று வேதியியல்; மற்றது உயிரியல்.

"சார், கிரெப்ஸ் சுழற்சியில் மாலேட் என்ற பொருள் ஆக்சலோ அசிட்டேட்டாக மாறுகிறது என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். மாலேட் இழக்கும் எலக்ட்ரான்களை என்.ஏ.டி. வாங்கிக்கொள்கிறது. நூலகத்தில் ஒரு பெரிய புத்தகத்தில் இரண்டுக்கும் ஒடுக்க மின்னழுத்தம் இருந்தது. கழித்துப் பார்த்தேன். எதிர்க்குறி வருகிறது. எதிர்க்குறி வந்தால் வினை தன்னிச்சையாக நடக்காது என்றுதானே வேதியியலில் படித்தோம்? எந்தப் புத்தகம் சார் தப்பு?"

நான் சற்றும் யோசிக்காமல், "அங்கே ஒரு நொதி இருக்கிறதம்மா, நொதி நடத்திவிடும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். முழுத் திருப்தியோடு போனதாகத் தெரியவில்லை.

பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது தவறு. அதுவும் பௌதிகம் படித்தவன் சொல்லக் கூடாத தவறு. நொதி என்பது வினையூக்கி. அது வினையை விரைவுபடுத்தும். வினையின் திசையை மாற்றாது. முன்னோக்கிய வினையை எத்தனை மடங்கு விரைவாக்குகிறதோ, பின்னோக்கிய வினையையும் அத்தனை மடங்கு விரைவாக்கும். மேட்டை நோக்கி வினையைத் தள்ளிவிடும் நொதி ஒன்று இருக்குமானால், அதை வைத்துக்கொண்டு செலவே இல்லாமல் ஓடும் நிரந்தர இயக்கப் பொறி ஒன்றைக் கட்டிவிடலாம்! அப்படிப்பட்ட பொறி கிடையாது என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவன் நான்.

மறுநாளே அவளுடைய ஆசிரியைக்குக் கடிதம் எழுதி என் பதிலைத் திருத்திக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாயிற்று. பிழை அவளுடைய இரண்டு புத்தகங்களிலும் இல்லை. அவள் கணக்கிலும் இல்லை. "நேர்க்குறி வந்தால் நடக்கும், எதிர்க்குறி வந்தால் நடக்காது" என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கும் அந்த ஒற்றை வரியில்தான் பிழை இருக்கிறது. அந்த வரியைத் தனியாகக் கற்பிப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒடுக்க மின்னழுத்தம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு பொருள் எலக்ட்ரானைப் பெறுவது ஒடுக்கம், இழப்பது ஆக்சிஜனேற்றம். எலக்ட்ரானைப் பெற்றுக்கொள்வதில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு நாட்டம் என்பதை வோல்ட் கணக்கில் சொல்வதுதான் ஒடுக்க மின்னழுத்தம். கடல் மட்டத்தைச் சுழியாக வைத்து மலைகளின் உயரத்தை அளப்பது போல, ஹைட்ரஜன் மின்வாயைச் சுழியாக வைத்து இதை அளக்கிறார்கள். எலக்ட்ரான் எதிர் மின்னூட்டம் உடையது. ஆகவே அதற்குப் "பள்ளம்" என்பது மின்னழுத்தம் அதிகமாக உள்ள பக்கம். எதிர் எண்ணிலிருந்து நேர் எண்ணை நோக்கி அது சரியும். இந்த இடத்தில் தடுமாறாத மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்கள் தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம்.

உயிரணுவுக்கு வரும்போது ஒரு சிறு மாற்றம் உண்டு. வேதியியல் அட்டவணையில் ஹைட்ரஜன் அயனியின் செறிவு லிட்டருக்கு ஒரு மோல், அதாவது பி.எச். சுழி. அத்தனை கடுமையான அமிலத்தில் நம் உயிரணு பிழைக்காது. எனவே உயிர்வேதியியலார் பி.எச். 7-இல் அமைந்த வேறோர் அட்டவணையை வைத்திருக்கிறார்கள். அதில் ஹைட்ரஜனின் மின்னழுத்தம் சுழி அல்ல, -0.41 வோல்ட். ஆக்சிஜன் நீராக மாறுவதற்கான மின்னழுத்தம் +1.23-லிருந்து +0.82 ஆக இறங்கிவிடுகிறது. பி.எச். மாறினாலே எண் மாறிவிடுகிறது என்பதை இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணை எண்கள் மாறாதவை அல்ல. குறிப்பிட்ட சூழ்நிலையில் எடுத்த அளவுகள்.

இந்த அட்டவணையின் பெருமையைச் சொல்லாமல் குறையை மட்டும் சொல்வது நியாயமாகாது. நாம் உண்ணும் உணவிலிருந்து எலக்ட்ரான்களை வாங்கிச் சுமந்து வருவது என்.ஏ.டி.எச். அதன் மின்னழுத்தம் -0.32 வோல்ட். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் +0.82-இல் காத்திருக்கிறது. வித்தியாசம் 1.14 வோல்ட். டார்ச் விளக்கில் போடும் சாதாரண மின்கலம் 1.5 வோல்ட் தருகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மூச்சுக்கும் டார்ச் விளக்குக்கும் இடையே அவ்வளவு தூரம் இல்லை! இரண்டு எலக்ட்ரான் வீதம் 1.14 வோல்ட் இறங்கினால், ஒரு மோலுக்கு 2 × 96,500 × 1.14, அதாவது ஏறத்தாழ 220 கிலோ ஜூல் ஆற்றல் கிடைக்கும். மைட்டோகாண்டிரியாவில் இந்த இறக்கம் ஒரே குதியாக நடப்பதில்லை; படிப்படியாக நடக்கிறது. அந்தப் படிகளில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் ஒரு சவ்வைத் தாண்டி வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே வரும்போது ஏ.டி.பி. உண்டாகிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை; 1978-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இவ்வளவையும் நமக்குத் திறந்து காட்டும் திறவுகோல், இரண்டு எண்களைக் கழிக்கும் ஒரு சிறு கணக்குதான்.

அப்படியிருக்க என்ன குறை என்கிறீர்களா?

முதலாவது, "தன்னிச்சை" என்ற சொல். தன் இச்சைப்படி, யாரும் தூண்டாமல், உடனே நடந்துவிடும் என்றல்லவா அது தொனிக்கிறது? குளுக்கோஸ் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறும் வினையில், 180 கிராமுக்குச் சுமார் 2,870 கிலோ ஜூல் கட்டிலா ஆற்றல் வெளிப்படும். அட்டவணைப்படி மிகமிகத் தன்னிச்சையான வினை. ஆனால் வீட்டு அலமாரியில் இருக்கும் குளுக்கோஸ் டப்பா எரிந்து போனதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? மூடியைத் திறந்து ஆறு மாதம் வைத்தாலும் ஈரம் கோத்துக் கட்டியாகுமே தவிர, தானாக எரியாது. பள்ளம் இருக்கிறது, ஆனால் பள்ளத்துக்கு முன்னால் ஒரு வரப்பு இருக்கிறது. அதைத்தான் கிளர்வுறு ஆற்றல் என்கிறோம். நொதியின் வேலை அந்த வரப்பைத் தாழ்த்துவது மட்டுமே.

பால் பண்ணைகளில் நடக்கும் ஒரு சோதனை இதை அழகாகக் காட்டும். ஒரு சோதனைக் குழாயில் பாலை எடுத்து, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சிறிது சேர்த்து, மூடி, 37 டிகிரி வெந்நீரில் நிறுத்திவைப்பார்கள். பி.எச். 7-இல் இந்தச் சாயத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ +0.01 வோல்ட். எலக்ட்ரானைப் பெற்றால் அது நிறம் இழந்துவிடும். பாலில் உள்ள பாக்டீரியாக்கள் முதலில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. பிறகு எலக்ட்ரான்கள் சாயத்துக்குப் போய்ச் சேர்கின்றன. நீலம் மறைந்து பால் மீண்டும் வெள்ளையாகிறது. அரை மணிக்குள் நிறம் போய்விட்டால் மட்டமான பால். ஐந்து மணி நேரத்துக்கு மேலும் நீலம் நின்றால் மிக நல்ல பால். இரண்டு பாலிலும் சாயம் ஒன்று, அதன் +0.01 வோல்ட்டும் ஒன்று. காலம் மட்டும் ஏன் வேறுபடுகிறது? பாக்டீரியாக்களின் எண்ணிக்கை வேறுபடுகிறது. நிறம் எந்தப் பக்கம் மாறும் என்பதை மின்னழுத்தம் சொல்லும். எத்தனை மணிக்கு மாறும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல முடியாததால்தான் சோதிப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனவே "தன்னிச்சையான வினை" என்பதற்குப் பதில் "நிகழத்தக்க வினை" என்று எழுதலாம் என்பது என் யோசனை. கலைச்சொல்லை மாற்றுவது எளிதல்ல என்று தெரியும். குறைந்தபட்சம், அந்தச் சொல்லை முதன்முதலாக உச்சரிக்கும் நாளில் ஆசிரியர் குளுக்கோஸ் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வரலாம்.

இரண்டாவது குறைதான் அந்த மாணவியின் கேள்வி. இது இன்னும் ஆழமானது. இதில் நான் சற்று நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

அவள் போட்ட கணக்கைப் பாருங்கள். ஆக்சலோ அசிட்டேட் மாலேட்டாக ஒடுங்கும் மின்னழுத்தம் -0.17 வோல்ட். என்.ஏ.டி. ஒடுங்கும் மின்னழுத்தம் -0.32 வோல்ட். மாலேட்டிடமிருந்து எலக்ட்ரான் என்.ஏ.டி.க்குப் போக வேண்டுமானால் -0.17-லிருந்து -0.32-க்குப் போக வேண்டும். அதாவது 0.15 வோல்ட் மேடு ஏற வேண்டும். ஆற்றல் கணக்கில் மோலுக்கு ஏறத்தாழ 29 கிலோ ஜூல். குறியை மட்டும் பார்த்தால் "நடக்காது" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் நீங்கள் இந்த வரியைப் படிக்கும் இந்த நொடியில், உங்கள் உடம்பின் கோடானுகோடி உயிரணுக்களில் அது நடந்துகொண்டிருக்கிறது!

இங்கே கவனிக்க வேண்டியது "திட்ட" என்ற அடைமொழி. திட்ட ஒடுக்க மின்னழுத்தம் என்றால், வினையில் பங்குகொள்ளும் எல்லாப் பொருள்களும் லிட்டருக்கு ஒரு மோல் செறிவில் இருக்கும்போது உள்ள மின்னழுத்தம் என்று பொருள். பி.எச். ஒன்றுக்குத்தான் விலக்கு. உயிரணுவில் எந்தப் பொருளும் அப்படி இருப்பதில்லை. செறிவு மாறினால் மின்னழுத்தம் எவ்வளவு மாறும் என்பதை 1889-இலேயே வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி சமன்பாடாக எழுதி வைத்துவிட்டார். அந்தச் சமன்பாட்டைப் பார்த்து மிரள வேண்டாம். இரண்டு எலக்ட்ரான் கைமாறும் வினைகளுக்கு, அறை வெப்பநிலையில், அதன் சாரத்தை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம்: முப்பது மில்லி வோல்ட். எலக்ட்ரானை இழக்கும் பக்கத்துப் பொருள்கள், விளைபொருள்களைக் காட்டிலும் பத்து மடங்கு அதிகமானால் வினைக்குச் சாதகமாக 30 மில்லி வோல்ட் கிடைக்கும். நூறு மடங்கானால் 60. ஆயிரம் மடங்கானால் 90.

இப்போது மாலேட்டுக்கு வருவோம். ஏற வேண்டிய மேடு 150 மில்லி வோல்ட். 150-ஐ முப்பதால் வகுத்தால் ஐந்து. அதாவது 1-க்குப் பின் ஐந்து சுழிகள்; ஒரு லட்சம் மடங்கு. மாலேட்டுக்கும் ஆக்சலோ அசிட்டேட்டுக்கும் உள்ள விகிதத்தை, என்.ஏ.டி.க்கும் என்.ஏ.டி.எச்.க்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டும். தாண்டினால் மேடு பள்ளமாகிவிடும்.

இது நடக்கக்கூடியதா? 1967-இல் ஹான்ஸ் கிரெப்ஸும் (ஆம், அந்தச் சுழற்சிக்குப் பெயர் கொடுத்த அதே கிரெப்ஸ்தான்) அவருடைய சகாக்களும் எலியின் கல்லீரலில் அளந்து பார்த்தார்கள். மைட்டோகாண்டிரியாவுக்குள் கட்டுறாத நிலையில் உள்ள என்.ஏ.டி., என்.ஏ.டி.எச்.ஸைப் போல எட்டு மடங்கு அளவில்தான் இருந்தது. சௌகரியத்துக்காகப் பத்து என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாலேட் ஆக்சலோ அசிட்டேட்டைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் இருந்தாக வேண்டும். உண்மையிலேயே ஆக்சலோ அசிட்டேட் அங்கே மிகமிக அரிது. நேரடியாக அளப்பதே கடினம் என்னும் அளவுக்கு அரிது. காரணம், அது பிறந்த கையோடு சுழற்சியின் அடுத்த நொதி அதைப் பிடித்து அசிட்டைல் கோ-ஏ-யோடு சேர்த்து சிட்ரேட்டாக்கிவிடுகிறது. அந்த அடுத்த படி 30 கிலோ ஜூலுக்கு மேல் இறக்கம் உடையது. பந்தியில் இலையில் வைத்த வடை உடனுக்குடன் காணாமல் போவதால் பரிமாறுகிறவர் மேலும் மேலும் வைத்துக்கொண்டே போகிறாரல்லவா, அது போலத்தான்.

ஆக, அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: "உன் கணக்கு சரி. ஆனால் அது எல்லாப் பொருளும் ஒரு மோல் செறிவில் உள்ள கற்பனைக் குடுவைக்கான விடை. உயிரணுவின் செறிவுகளைப் போட்டு இன்னொரு முறை கணக்கிடு." இதே வகை நொதி மைட்டோகாண்டிரியாவுக்கு வெளியே எதிர்த் திசையில், ஆக்சலோ அசிட்டேட்டை மாலேட்டாக்கும் வேலையைச் செய்கிறது. "நொதி நடத்திவிடும்" என்று நான் சொன்னது எவ்வளவு பொருத்தமற்றது பாருங்கள்!

"அப்படியானால் செறிவை மாற்றி எந்த வினையை வேண்டுமானாலும் நடத்திவிடலாமே, அட்டவணை எதற்கு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதே சுழற்சியில் ஒரு படி தள்ளிப் பாருங்கள். சக்சினேட் ஃபியூமரேட்டாக மாறுகிறது. அந்த இணையின் மின்னழுத்தம் +0.03 வோல்ட். இங்கும் என்.ஏ.டி.யே எலக்ட்ரானை வாங்க வேண்டுமென்றால் மேடு 0.35 வோல்ட். 350-ஐ முப்பதால் வகுத்தால் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி மடங்கு வேண்டும்! எந்த உயிரணுவாலும் அந்த விகிதத்தைக் கட்டிக்காக்க முடியாது. ஆகவேதான் இந்தப் படியில் மட்டும் என்.ஏ.டி. இல்லை, நொதியோடு பிணைந்த எஃப்.ஏ.டி. எலக்ட்ரானை வாங்குகிறது. அதன் மின்னழுத்தம் சுழிக்கு அருகில் இருப்பதால் மேடு சிறியதாகிவிடுகிறது. "சக்சினேட் படியில் எஃப்.ஏ.டி.எச்.2, மற்றவற்றில் என்.ஏ.டி.எச்." என்று உயிரியலில் உருப்போடுகிறீர்களே, அதன் காரணம் ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது.

ஐந்து சுழி என்றால் உயிரணு சமாளிக்கும். பன்னிரண்டு சுழி என்றால் வேறு வழி தேடும். இரண்டு இடத்திலும் குறி ஒன்றே, எதிர்க்குறிதான். குறியில் இல்லாத செய்தி எண்ணில் இருக்கிறது. ஆனால் நம் தேர்வுகளில் மாணவர் எண்ணைக் கண்டுபிடித்தவுடன் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுக் குறியை மட்டும் வைத்து "தன்னிச்சையானது" அல்லது "தன்னிச்சையற்றது" என்று எழுதுகிறார்; நாங்களும் சிவப்பு மையால் சரி போடுகிறோம். குறியைப் பார்த்துப் பலன் சொல்வதற்கு வேறு தொழில் இருக்கிறது.

இந்தக் கருத்தை என் நண்பர்களான வேதியியல் ஆசிரியர்கள் சிலரிடம் சொன்னேன். "ஏற்கெனவே பாடச் சுமை அதிகம், இதில் மடக்கை வேறா?" என்றார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நெர்ன்ஸ்ட் சமன்பாடு மேல்நிலை வேதியியலில் ஏற்கெனவே இருக்கிறது. துத்தநாகமும் தாமிரமும் உள்ள கலத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு மூடிவைத்துவிடுகிறோம். கிரெப்ஸ் சுழற்சி உயிரியலில் இருக்கிறது. வோல்ட்டும் கூலூமும் பௌதிகத்தில் இருக்கின்றன. புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்; மூன்று வகுப்பறைகளுக்கும் நடுவில் உள்ள கதவைத் திறந்தால் போதும். அந்தப் பெண் எந்த ஆசிரியரும் சொல்லாமலே இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்படிப் பார்த்த பிள்ளைக்கு எங்களிடம் சரியான பதில் தயாராக இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். எங்களில் முதல் குற்றவாளி நான்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. வேகமாக ஓடும்போது தசையில் பைருவேட் லாக்டேட்டாக மாறுகிறது. அந்த இணையின் மின்னழுத்தம் -0.19 வோல்ட், எலக்ட்ரானைத் தருவது -0.32-இல் உள்ள என்.ஏ.டி.எச். குறி சாதகம். ஆனால் அதே லாக்டேட் இரத்தத்தின் வழியே கல்லீரலுக்குப் போனதும் மீண்டும் பைருவேட்டாகிறது. அங்கே என்.ஏ.டி.தான் எலக்ட்ரானை வாங்குகிறது, எதிர்க்குறி! மைட்டோகாண்டிரியாவுக்கு வெளியே, கல்லீரல் உயிரணுவின் சைட்டோபிளாசத்தில், கட்டுறாத என்.ஏ.டி. என்.ஏ.டி.எச்.ஸைப் போலச் சுமார் 700 மடங்கு என்று கிரெப்ஸ் குழுவினர் கண்டார்கள். அப்படியானால் அந்த வினை திரும்பி நடக்க, லாக்டேட் பைருவேட்டைப் போலத் தோராயமாக எத்தனை மடங்கு இருக்க வேண்டும்? முப்பது மில்லி வோல்ட்டை மறக்காமல் கணக்கிட்டுப் பாருங்கள். விடையை உங்கள் வேதியியல் ஆசிரியரிடமும் உயிரியல் ஆசிரியரிடமும் ஒரே நேரத்தில் காட்டுங்கள்.